நான்காவது பெயர்

நான் படித்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். நீல நிறம் அடித்த மரப்பலகை, வெள்ளை பெயின்ட்டில் எழுத்துகள். மேலே 'விளையாட்டுச் சாதனைகள்' என்று தலைப்பு. அதில் 2005-06 என்ற வரிசையில் '4 × 100 மீ. தொடர் ஓட்டம், மாநில அளவில் பங்கேற்பு' என்று எழுதி, பக்கத்தில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்காவது பெயர் என்னுடையது.

போன மாதம் அந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். முன்னாள் மாணவி, வங்கியில் அதிகாரி, போதாததற்குப் பலகையில் பெயர் வேறு இருக்கிறது. இவ்வளவு தகுதி போதும்தானே. அணிவகுப்பு, ஒலிம்பிக் தீபத்தைப் போல ஒரு பந்தம், கொக்கோ இறுதிப் போட்டி எல்லாம் முடிந்ததும் தலைமையாசிரியை ஆண்டறிக்கை வாசித்தார். கபடி, எறிபந்து, பேச்சுப் போட்டி, அறிவியல் கண்காட்சி, வினாடி வினா. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு இங்கேயும் ஒரு செஸ் மன்றம் தொடங்கியிருக்கிறார்கள், அதிலும் பரிசுகள். ஒவ்வொரு வரியும் 'நமது பள்ளி' என்றுதான் தொடங்கியது. கடைசியில் என்னை அறிமுகப்படுத்தும்போது சொன்னார்: "உழைச்சா எங்க வேணா போகலாம்ங்கிறதுக்கு இவங்கதான் உதாரணம்." பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அந்த நான்காவது இடம் என்னுடையது இல்லை. இருபது வருடமாக இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில், தீப்பெட்டித் தொழிலை நம்பியிருக்கும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். 'அவ ஆபீஸுக்குப் போறா' என்றால் வெளியூர்க்காரர்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் ஆபீஸ் வண்டி வந்து கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவளிடம் டீச்சர் காரணம் கேட்பதற்கு முன்னால் அவள் விரலைப் பார்ப்பார். பசை காய்ந்திருந்தால் விட்டுவிடுவார்.

பதினோராம் வகுப்பில் எங்கள் பி.டி. டீச்சர் ஒரு ரிலே அணி சேர்த்தார். அப்போது பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால் விளையாட்டுக்கென்று விட்டுவைத்த ஒரே வருடம் அதுதான். மைதானம் என்றால் கருவேல முள் பொறுக்கியெடுத்த செம்மண் தரை, சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோடு. போட்டிக்கு வைத்திருந்த அலுமினிய பேட்டன் ஒன்றுதான் இருந்தது, அது பீரோவில் பூட்டியிருக்கும். பயிற்சிக்கு மூங்கில் குச்சியை ஒரு சாண் சொச்சத்துக்கு வெட்டி வைத்திருந்தோம். ரிலேயில் வேகத்தைவிட முக்கியமானது கை மாற்றுவது. குச்சியை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து வருகிறவள் குரல் கொடுத்ததும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், நீட்டிய கையில் குச்சி வந்துவிடும் என்று நம்பி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "பார்த்தா நின்ருவ. நம்பு, ஓடு" என்பார் டீச்சர்.

அணியில் நான்கு பேர், உபரியாக நான். எங்களில் வேகமானவளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அவளிடம் நான் அனுமதி கேட்கவில்லை. கடைசி நூறு மீட்டர் அவளுடையது. அவள் ஓடுவதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாங்களெல்லாம் ஓடும்போது கஷ்டப்படுவது வெளியே தெரியும், அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசம் ஆறேழு மீட்டர். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வர மாட்டாள். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருந்தது. அவளும் ஆபீஸுக்குப் போனாள்.

குறுவட்டப் போட்டியில் அவள் ஓடினாள், ஜெயித்தோம். நான் கோட்டுக்கு வெளியே நான்கு பேரின் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு நின்றேன். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அதில் ஒன்றரை வாரம் அவள் பள்ளிக்கே வரவில்லை. தகுதிப் படிவத்தில் ஒட்டப் புகைப்படமும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பக்கம்தான, போய்க் கேட்டு வாங்கிட்டு வா" என்றார். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே பி.டி. டீச்சர். அவரே போயிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம்.

சைக்கிளில் போனேன். வாசலில் அவளும் பாட்டியும் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டி, "அவ அய்யன் வரணும் தாயி, நாங்க என்னத்தச் சொல்ல" என்றார். அவள் தெருமுனை வரை என்னுடன் வந்தாள். "நாளைக்கு வாடி. ராத்திரி அய்யாகிட்ட பேசி வைக்கிறேன். நீ வந்து கேட்டா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாரு" என்றாள். சரி, வருகிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் நான் போகவில்லை.

காய்ச்சல் இல்லை, மழை இல்லை, சைக்கிள் பஞ்சரும் இல்லை. அன்று மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனதும் அம்மா கொடுத்த டீயைக் குடித்ததும் நினைவில் இருக்கின்றன. போக வேண்டாம் என்று முடிவெடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. போவதை நினைக்காமல் இருந்தேன். அதற்கும் ஒரு திறமை வேண்டும்போல, எனக்கு அது இருந்தது. அதற்கடுத்த நாள் டீச்சர் கேட்டபோது, "வீட்டுல விட மாட்டேங்கிறாங்க டீச்சர்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அப்ப நீயே ஓடு" என்றார்.

மிச்சக் கதை வேடிக்கையானது. மாவட்டப் போட்டியில் கடைசிக் கை மாற்றம் வரை நாங்கள் இரண்டாவது. முன்னால் போன பள்ளியின் பிள்ளை குச்சியைத் தவறவிட்டாள். அவள் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் அணி தாண்டிப் போய்விட்டது. இப்படித்தான் முதலிடம். மாநிலப் போட்டியில் வாழ்க்கையில் முதல்முறையாக செயற்கைத் தடத்தில் கால் வைத்தேன். தகுதிச் சுற்றிலேயே கடைசியாக வந்தோம். ஆனாலும் பங்கேற்றதற்குச் சான்றிதழ் உண்டு. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் மதுரையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் விடுதிச் சலுகையும் கிடைத்தன. இல்லாவிட்டால் எங்கள் வீட்டிலும் மதுரைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். பட்டப்படிப்பு, பிறகு வங்கித் தேர்வு, இன்றைக்கு மேடை.

இதில் என் தப்பு எவ்வளவு? இருபது வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் பதில் ஒன்று உண்டு: 'எப்படியும் அவங்க வீட்டில் விட்டிருக்க மாட்டாங்க.' இது உண்மையாகவே இருக்கலாம். கடன் இருந்தது, ஒருநாள் ஆபீஸ் கூலியை விட முடியாத வீடு அது. நான் டீச்சரிடம் சொன்னது பொய்தானா என்றுகூட எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பதிலை, கேட்காமலே சொன்னேன். பதில் சரியாகவே இருந்தாலும், அதைச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

இதே ஊர்ப்பக்கக் கதை இன்னொன்று உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சின்ன வயதில் அப்பா அம்மாவை இழந்தவர், கூலி வேலை செய்த பாட்டி வளர்த்தார். வெறுங்காலோடு ஓடிய பிள்ளையைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பயிற்சியாளர் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்து, கல்லூரியிலும் விடுதியிலும் இடம் கிடைக்கச் செய்தார். 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் கலப்பு 4 × 400 ரிலேயில் இந்தியாவுக்காக அவர் ஓடினார். பத்திரிகைகள் அப்போது இதை ஏழ்மையை வென்ற கதையாக எழுதின. நான் வேறு மாதிரி படித்தேன். எங்கள் பக்கத்து வீடுகள் சொல்லும் முதல் 'முடியாது' கடைசி வார்த்தை இல்லை, யாராவது மறுபடி வந்து கேட்கிறார்களா என்பதையும் பார்க்கிறார்கள் என்று படித்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அன்று சீக்கிரமே படுத்துவிட்டேன்.

பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-இல் 'அறவாழ்வில் அதிர்ஷ்டம்' என்ற கேள்வியை எடுத்து ஆளுக்கொரு கட்டுரை வாசித்தார்கள். நம் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயங்களை வைத்தும் நம்மை நல்லவர் கெட்டவர் என்று எடைபோடுகிறோமே, அது நியாயமா என்பதுதான் கேள்வி. வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்வார். அவர்மீது தவறே இல்லை, ஆனால் அவர் வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டுவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களும் வருத்தப்படுவார்கள், ஓட்டுநரின் வருத்தம் வேறு ஜாதி. 'உன்மேல தப்பில்லப்பா' என்று நாமே அவரைத் தேற்றுவோம். ஆனால் அவர் சட்டென்று தேறிவிட்டால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும்.

முதலில் படித்தபோது நான் அந்த ஓட்டுநர் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதி! தப்பு இல்லை, வருத்தம் மட்டும் உண்டு. பிறகுதான் உறைத்தது. ஓட்டுநர் பிரேக் மிதித்தவர், நான் மிதிக்காதவள். மிதித்திருந்தாலும் வண்டி நின்றிருக்காது என்பது என் வாதம். வண்டி நின்றிருக்குமா என்பது அதிர்ஷ்டத்தின் கணக்கு. காலைத் தூக்கி வைத்தேனா என்பது என் கணக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி ஒன்றை வைத்து ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதிய 'நீதிக் கோட்பாடு' நூலில் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார். திறமை மட்டுமல்ல, உழைக்கும் மனசுகூட நல்ல குடும்பம், நல்ல சூழல் என்று நாம் சம்பாதிக்காதவற்றைச் சார்ந்திருக்கிறது என்கிறார். நம் ஊரில் இதை ஊழ் என்பார்கள், திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அவள் வேகம் அவள் சம்பாதித்ததல்ல, என் சான்றிதழும் நான் சம்பாதித்ததல்ல. 'உழைச்சா எங்க வேணா போகலாம்' என்று மேடையில் சொன்னது பாதிப் பொய். இதெல்லாம் சரி. கல்லூரி இடத்தை எப்படிப் பங்கிடுவது, ஒதுக்கீடு எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் யோசிக்க ரால்ஸ் உதவுவார். அந்த மாலை சைக்கிளை எந்தப் பக்கம் திருப்பினேன் என்ற கேள்விக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. எல்லாமே அதிர்ஷ்டம் என்று சொல்லி என்னுடையதையும் அந்தப் பெரிய மூட்டையில் போட்டுக் கட்டிவிடலாம். படித்தவர்கள் தப்பிக்கும் வழி அது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒலிம்பிக்கில் ஒரு விதி உண்டு. ரிலேயில் இறுதிப் போட்டியில் ஓடாமல் தகுதிச் சுற்றில் மட்டும் ஓடியவருக்கும் பதக்கம் கொடுப்பார்கள். இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது வயிற்றில் என்னமோ செய்தது. கடைசிப் படத்தில் இல்லாதவருக்கும் அதில் பங்கு உண்டு என்று யாரோ யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கயிறு எதிர்த்திசையிலும் இழுக்கும். 2008 பெய்ஜிங்கில் ஜமைக்கா அணியில் ஓடிய நெஸ்டா கார்ட்டர் ஊக்கமருந்து எடுத்தது பின்னால் தெரியவந்து, 2017-இல் அந்த ரிலே தங்கம் பறிக்கப்பட்டது. உசேன் போல்ட்டும் தன் பதக்கத்தை இழந்தார். அவர் செய்த தவறு எதுவும் இல்லை. ஒருத்தர் கையில் ஒட்டியது நான்கு பேர் கையிலும் ஒட்டும் என்பதுதான் ரிலே.

எங்கள் பள்ளிப் பலகைக்கு இந்த இரண்டு விதியும் தெரியாது. குறுவட்டத்தில் ஓடி எங்களை மேலே ஏற்றிவிட்டவளின் பெயர் அதில் இல்லை. பள்ளிமீது எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஆனால் 'நமது பள்ளி வென்றது' என்ற வாக்கியத்தின்மீது இப்போது எனக்குச் சந்தேகம் உண்டு. ஜெயித்தவளைத் தன்னுடையவள் என்று உரிமை கொண்டாடும் பள்ளி, வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸுக்குப் போனவளையும் அதே சத்தத்தில் தன்னுடையவள் என்று சொல்ல வேண்டும் அல்லவா? அவள் எந்த ஆண்டறிக்கையிலும் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு வரவே இல்லை.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். பந்தியில் எனக்கு எதிர்வரிசை. கை கழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "அந்த ரிலே ஞாபகமிருக்கா?" என்றேன். அவளுக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. பிறகு முகம் மலர்ந்து, "ஏ, பிராக்டீஸ் முடிஞ்சதும் டீச்சர் அவிச்ச முட்டை வாங்கித் தருவாங்கல்ல! உப்பு மிளகு தூவி. அதுக்காகத்தான்டி நான் ஓட வந்ததே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அவளுக்கு நினைவே இல்லாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டால், பாரத்தை நான் இறக்கி அவள் தலையில் வைத்த மாதிரி ஆகும் என்று அப்போது நினைத்தேன். அதுவும் ஒரு வசதியான நினைப்புதான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒருவித நிம்மதி வந்தது. அவளே மறந்துவிட்டாள், அப்புறம் எனக்கென்ன? அமர்த்திய சென் இந்த நிம்மதியை நம்பக் கூடாது என்பார். காலமெல்லாம் கிடைக்காமலே வாழ்ந்தவர்கள், வாழ்க்கை தாங்கக்கூடியதாக இருக்கட்டும் என்று ஆசையையே சுருக்கிக்கொள்வார்கள், அவர்கள் குறைசொல்லவில்லை என்பதால் குறை இல்லை என்று ஆகாது என்பது அவர் வாதம். அவள் இழந்தது அவளுக்குத் தெரியவில்லை என்பது உண்மை. தெரியாததால் அது இழப்பு இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் சான்றிதழ் எதையெல்லாம் திறக்கும் என்று எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் நான்தான் அதைத் திறந்து உள்ளே போனவள்.

ஆனால் சென்னோடும் என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. முட்டை எனக்கு இடிக்கிறது. அவளுக்குப் போனது ஒரு கல்லூரி இடம், ஒரு வங்கி வேலை என்று நான் கணக்குப் போடுகிறேன். அதெல்லாம் எனக்குக் கிடைத்தவை. என் வாழ்க்கையை அளவுகோலாக வைத்து அவள் நஷ்டத்தை அளக்கிறேன். ஓடி முடித்து மூச்சு வாங்க, கை சூட்டில் முட்டையை உரித்துக்கொண்டு மைதானத்து மேட்டில் உட்கார்ந்திருந்த அந்த நேரம், ஆபீஸும் கடனும் இல்லாத அந்த அரைமணி நேரம், அவளுக்கு அதுதான் விளையாட்டாக இருந்திருக்கலாம். அவள் மாவட்டப் போட்டிக்கு வந்திருந்தால் இன்னும் மூன்று வாரம் முட்டை கிடைத்திருக்கும். இதை எந்தப் பலகையில் எழுதுவது?

விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்த வருடமும் ஒரு ரிலே அணி மாவட்டம் வரை போயிருக்கிறது. நான்கு பிள்ளைகள் வரிசையாக வந்து சான்றிதழ் வாங்கினார்கள். பக்கத்தில் நின்ற இப்போதைய பி.டி. டீச்சரிடம் குரலைத் தாழ்த்தி, "குறுவட்டத்துலயும் இவங்கதான் ஓடுனாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். இதோ இந்தப் பிள்ளைக்குப் பதிலா வேற ஒருத்தி. நல்லா ஓடுவா. அம்மா தவறிட்டாங்க, தம்பி சின்னப் பையன், வீட்ட விட்டு வர முடியல."

"யாராவது வீட்டுல போய்ப் பார்த்தீங்களா?"

அவர் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். குற்றம் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "ரெண்டு தடவ போயிட்டேன் மேடம். மூணாவது தடவ அந்தப் பிள்ளையே, டீச்சர் நீங்க வராதீங்க, அப்பா சத்தம் போடுறாருன்னு சொல்லிருச்சு" என்றார்.

அதற்குள் மைக்கில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கு வருகிறாளா என்று கேட்டேன். சில நாள் வருகிறாள் என்றார். அவளுடைய அப்பாவின் போன் நம்பரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். என்ன பேசப் போகிறேன், வங்கி அதிகாரியாகவா, பலகையில் பெயர் உள்ளவளாகவா, யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் ஆகிறது. சீட்டு என் கைப்பையின் உள்ஜிப்பில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.